பாட்டுக்கு உடையவர்

சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு நண்பர் ஒருவரின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள த்ரோம்சோ நகரத்தில் ஆறு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டு விடுமுறையில் ஊர் திரும்பியவர். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். குளிர்காலத்தில் இரண்டு மாத காலம் சூரியன் அந்த ஊரில் தலைகாட்டுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டட்டுமா, சார்?" என்று கைப்பேசியை எடுத்தார்.

ஒரு கிழவரின் குரல். பக்கவாத்தியம் கிடையாது, சுருதி கிடையாது. தொண்டையைச் சற்று இறுக்கிக்கொண்டு, நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது அந்தப் பாட்டு. சொற்கள் இருப்பதாகவும் தெரியவில்லை. 'லோ', 'லா', 'நா' என்ற அசைகள்தாம். எங்கே தொடங்கியது என்று நான் கவனிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. முடிந்ததா, நடுவில் நின்றதா என்றும் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒரே பரபரப்பு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், என் பெண் ஓயாமல் பார்க்கும் கொரியத் தொடர்களின் புண்ணியத்தில், கொரிய நாட்டு மலைப்பகுதியான சோங்சோனில் வழங்கும் 'ஆரிராங்' என்ற நாட்டுப் பாடலைக் கேட்டிருந்தேன். அதிலும் இதே போல் தனிக்குரல், இதே இறுக்கம், மேலிருந்து சரிந்து சரிந்து இறங்கும் இதே துக்கம்.

"தம்பி, இது கொரியப் பாட்டு மாதிரியே இருக்கிறதே! இவர்களுக்கும் அவர்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாது சார். நான் முதல் தடவை கேட்டபோது என் பக்கத்தில் இருந்தவரிடம், யாரைப் பற்றி இந்தப் பாட்டு என்று கேட்டேன். 'யாரைப் பற்றியும் இல்லை. அவர் தம் அண்ணனைப் பாடுகிறார்' என்று திருத்தினார். அவர்கள் பாஷையில் ஒருவரைப் பற்றிப் பாடுவதில்லையாம்; ஒருவரையே பாடுவதாம். அந்தப் பாட்டு, பாடினவருக்குச் சொந்தமில்லை, பாடப்பட்டவருக்குத்தான் சொந்தம் என்றும் சொன்னார்."

அவர் விடைபெற்றுப் போன பிறகும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒற்றுமைதான். மற்ற விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அந்த மக்களின் பெயர் சாமி. பெயரைக் கேட்டதும் நமக்குக் கோவில் நினைவு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும், ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பழங்குடியினர் அவர்கள். கலைமான் மேய்ப்பது அவர்களில் பலருடைய குலத் தொழில். மற்றவர்கள் நெடுங்காலம் அவர்களை 'லாப்பியர்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் இழிவாகவே கருதுகிறார்கள். அவர்களுடைய பாட்டுக்குப் பொதுவாக 'யோய்க்' என்று பெயர். மனிதனுக்கு ஒரு யோய்க் இருப்பதுபோல ஓநாய்க்கும் உண்டு, கலைமானுக்கும் உண்டு, மலைக்கும் உண்டு. குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல ஒரு யோய்க்கும் தருவார்கள். தனக்கென்று ஒரு யோய்க் உடையவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான் என்று அர்த்தம். தனக்குத்தானே யோய்க் பாடிக்கொள்வது அவ்வளவு மரியாதையான காரியமாகக் கருதப்படுவதில்லை. பிறர் பாடவேண்டும், ஆனால் அது நம்முடையது!

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பின்னால். அன்றிரவு என் மனம் உறவுமுறை தேடுவதிலேயே முனைந்திருந்தது. உறவு சொல்லிக்கொள்வதில் தமிழனுக்கு நிகர் தமிழன்தான். கால்டுவெல் பாதிரியார் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் நம் திராவிட மொழிகளை, பின்னிஷ் முதலிய மொழிகளும் அடங்கிய 'சித்திய' இனத்தோடு சேர்த்துப் பேசினார். சாமி மக்களின் மொழி பின்னிஷ் மொழிக்கு உறவு. 1905-ல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஓர் ஒப்பிலக்கணமே எழுதினார். ஆக, இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்தால் சாமிகளும் கொரியர்களும் நாமும் ஒரே பந்தியில் உட்காரலாம்! பாட்டி பாடிய 'ஆராரோ'வுக்கும் 'ஆரிராங்'குக்கும் முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் இன்றைய மொழியறிஞர்கள் இந்த உறவுகளில் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. சாமி மொழிக்குப் பின்னிஷும் ஹங்கேரியனும் உறவு. கொரிய மொழியோ தன்னந்தனியாக நிற்கிறது. இரண்டையும் ஒரே குடும்பமாகச் சேர்த்த 19-ஆம் நூற்றாண்டுக் கொள்கை எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. இசையில் நான் கேட்ட ஒற்றுமைக்கும் எளிய சமாதானம் உண்டு. வடபகுதிச் சாமிகளின் யோய்க்குகள் பெரும்பாலும் அரைச்சுரம் இல்லாத ஐந்து சுரங்களில் அமைந்தவை. கொரிய நாட்டுப் பாடல்களிலும் ஐந்து சுர அமைப்பே மிகுதி. நம்முடைய மோகனமும் ஐந்து சுரம்தான். சீனத்திலும் ஸ்காட்லாந்திலும் ஆப்பிரிக்காவிலும் இத்தகைய பாட்டுகள் இருக்கின்றன. துணைக்கு வாத்தியமின்றி, அகன்ற வெளியில் தனியாகப் பாடும் எந்த மனிதனும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் நடப்பான் போலிருக்கிறது.

ஏமாற்றந்தான். ஆனால் அந்த ஏமாற்றத்தினால் ஒரு நன்மை விளைந்தது. எதிரொலி என்பது என்ன? நாம் போட்ட சத்தம் நமக்கே திரும்பி வருவது. அன்று நான் கிழவரின் பாட்டைக் கேட்டேனா? இல்லை, என் காதில் ஏற்கெனவே இருந்த கொரியப் பாட்டைத்தான் திரும்பக் கேட்டேன். இளைஞர் கேட்ட கேள்வி, 'யாரை?' என்பது. நான் கேட்டது, 'எதைப் போல?' என்பது. அவர் கேள்விதான் உயர்ந்தது என்பது இப்போது புரிகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காதவர்களால் சாமி மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுடைய மந்திரவாதிகள் ஒரு முரசைத் தட்டிப் பாடி உலகங்களுக்கிடையே போய்வருவதாக நம்பினார்கள். கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு அது பேய் வழிபாடாகத் தோன்றியது. லார்ஸ் நீல்ஸன் என்ற கிழவரின் சின்னஞ்சிறு பேரன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். கிழவர் முரசை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று தம் பழைய தெய்வங்களைக் கெஞ்சினார். அதுதான் குற்றம். 1693-ல் ஸ்வீடனிலுள்ள ஆர்யெப்லோக் என்ற ஊரில் அவரையும் அவருடைய முரசையும் சேர்த்து நெருப்பில் இட்டார்கள்.

நார்வேயில் ஆண்டர்ஸ் போல்ஸன் என்ற மற்றொரு கிழவரின் முரசை 1691-ல் பறித்துக்கொண்டார்கள். மறு வருஷம் வத்சோ நகரில் விசாரணை நடந்து, தீர்ப்பு வருவதற்குள் காவலில் இருந்தபோதே அவர் கொலையுண்டார். முரசு கோபன்ஹேகனுக்குப் போய் டென்மார்க் அரசின் சொத்தாகிவிட்டது. பின்னால் சாமிகளின் பொருட்காட்சிச் சாலைக்கே அதை இரவல் கொடுத்தார்கள். உடையவனுக்கே இரவல்! 2022-ல்தான், 330 ஆண்டுகளுக்குப் பிறகு, அது அவர்களுடைய சொத்து என்று ஆயிற்று.

முரசையாவது திருப்பிக் கொடுக்க முடிந்தது. பாட்டைத் திருடினால் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒலாவுஸ் சிர்மா என்ற சாமி மாணவர் உப்சாலாவில் சமயக் கல்வி பயின்றவர். அவர் சொன்ன இரண்டு காதல் பாட்டுகளை ஷெஃபெருஸ் என்ற பேராசிரியர் 1673-ல் 'லாப்போனியா' என்ற தம் நூலில் அச்சிட்டார். நூல் பல மொழிகளில் பரவிற்று, பாட்டுகளும் பரவின. ஹெர்டர் ஜெர்மனியில் மொழிபெயர்த்தார். அமெரிக்கக் கவி லாங்ஃபெல்லோ 1855-ல் எழுதிய ஒரு கவிதையில் அதன் ஒரு கருத்தையே பல்லவியாக்கிக் கொண்டார். அதிலிருந்து ராபர்ட் ஃப்ராஸ்ட் 1913-ல் தம் முதல் புத்தகத்துக்குத் தலைப்பு எடுத்தார். ஆனால் லாங்ஃபெல்லோவின் கவிதையில் அது வெறும் 'லாப்லாந்துப் பாட்டு'. காதலியைக் காண ஏங்கிய ஒரு வாலிபனின் தவிப்பு, பெயரில்லாத ஒரு நாட்டின் விளைபொருளாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; இலக்கிய ரசனையால்தான் செய்தார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது கொரியாவுக்கு வருவோம். சொந்தம் என்ற விஷயத்தில் அங்கே நிலைமை நேர்மாறாக இருப்பதைக் கண்டு நான் திகைத்துப் போனேன்.

ஆரிராங் யாருக்குச் சொந்தம்? பாடுகிற எல்லோருக்கும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதில்கூட இன்றுவரை அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பல்லவி. அதன்மேல் அவரவர் தம் தம் துயரத்தைக் கட்டிப் பாடிக்கொள்ளலாம். ஏறத்தாழ 60 வகைகளும் 3,600 வேறுபாடுகளும் உண்டு என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சோங்சோன் மலையில் மரங்களை வெட்டித் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு சியோலுக்கு ஓட்டிச் சென்றவர்கள் பாடினார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்த பெண்கள், தண்ணீர்ப் பாத்திரத்தில் சுரைக் குடுக்கையைக் கவிழ்த்துப் போட்டு அதைத் தட்டித் தாளமாக்கிக்கொண்டு பாடினார்கள். மாமியார் கொடுமையும் இருக்கும், ஓடிப்போன புருஷனும் இருப்பான், விளைச்சல் பொய்த்த வயலும் இருக்கும். திராவிட உறவு பேசினாரே, அந்த ஹல்பர்ட்தான் 1896-ல் ஆரிராங்கை முதன்முதலாக மேல்நாட்டுச் சுரக்குறிப்பில் எழுதி வைத்தவர். உணவில் சோறு எப்படியோ, பாட்டில் கொரியனுக்கு ஆரிராங் அப்படி என்றார். மொழி இலக்கணத்தில் தவறியவர் இந்த இடத்தில் தவறவில்லை.

சோறு யாருக்குச் சொந்தம்? பசித்தவனுக்கு.

1910-லிருந்து 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. 1926-ல் நா உன்-க்யூ என்ற இளைஞர் 'ஆரிராங்' என்றே பெயரிட்டு ஒரு மௌனப் படம் எடுத்தார். படத்தின் பிரதிகள் தொலைந்துவிட்டன. அதனோடு பரவிய மெட்டு நாடு முழுவதும் நிலைத்துவிட்டது. முதல் உலகப் போரில் ரஷ்யப் படையில் சேர்ந்து போரிட்டு, ஜெர்மனியில் சிறைப்பட்ட கொரியர்கள் சிலர் இருந்தார்கள். 1917-ல் ஜெர்மன் பண்டிதர்கள் அவர்களுடைய பாட்டை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். அந்தச் சிறைக்குள்ளும் ஆரிராங். அதற்கு நாலைந்து வருஷங்களுக்கு முன்னால்தான், கார்ல் திரேன் என்ற ஸ்வீடன் ரயில்வே உத்தியோகஸ்தர் அதே மாதிரி மெழுகு உருளைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்காட்டில் அலைந்து சாமிகளின் யோய்க்குகளைப் பதிவு செய்தார். இரண்டு குரல்களும் ஒரே விதமான யந்திரத்தில் அகப்பட்டன. அவற்றிடையே நான் மெய்யாகச் சொல்லக்கூடிய உறவு இதுதான்!

1937-ல் ஸ்டாலின், ரஷ்யாவின் கீழைக் கரையோரம் குடியிருந்த 1,70,000-க்கும் மேற்பட்ட கொரியர்களை ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அப்புறப்படுத்தினார். அவர்களோடு ஆரிராங்கும் போயிற்று. இன்று வடக்கும் தெற்குமாகப் பிளந்து கிடக்கும் அந்தத் தேசம் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஒரே அணியாக நடந்து வந்தபோது, இரண்டு தேசிய கீதங்களையும் விட்டுவிட்டு ஆரிராங்கைத்தான் முழங்கினார்கள்.

யோய்க் பாடப்பட்டவருக்குச் சொந்தம். ஆரிராங் பாடுகிறவருக்குச் சொந்தம். கொரியாவிலேயே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 'பான்சோரி' என்ற கதைப்பாட்டில், ஒரு பாடகர் ஏதேனும் ஒரு கட்டத்தைப் புதிதாக அமைத்துச் சிறப்பாகப் பாடினால், அந்தப் பகுதி அவர் பெயராலேயே தலைமுறை தலைமுறையாக வழங்கும். ஹுங்போ கதையில் பேராசைக்கார அண்ணன் தகைவிலான் குருவிகளை விரட்டப் புறப்படுகிற கட்டத்தை, க்வோன் சாம்துக் என்பவர் அமைத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் இறந்து 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதாவது, படைத்தவனுக்குச் சொந்தம்.

நாம் நாவல் எழுதுகிறவர்கள் இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தவர்கள். புத்தகத்தின் அட்டையில் நம் பெயர்தான் இருக்கிறது. பதிப்புரிமையும் நமக்கே. இதில் தவறென்ன என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் கதைகளில் வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஆகாயத்திலிருந்து குதித்தவர்களா? அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர், ரயிலில் தம் கதையைச் சொல்லி அழுத ஒரு பெண். பெயரை மாற்றுகிறோம், ஊரை மாற்றுகிறோம்; துக்கத்தை மாற்றுவதில்லை. ஏனென்றால் அதுதான் நமக்கு வேண்டியது. சாமிகளின் நியாயப்படி பார்த்தால் அந்தக் கதைகள் யாருக்குச் சொந்தம்?

"அப்படியானால் யாரும் எதையும் எழுதவே முடியாதே! ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டா எழுதுவது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். இதற்குப் பதில் சாமிகளிடமே இருக்கிறது. யோஹன் தூரி என்பவர் ஓநாய் வேட்டையில் பேர்பெற்றவர். தம் மக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1910-ல் வெளிவந்தது. யோய்க் என்பது பிற மனிதர்களை நினைவில் வைத்திருக்கும் கலை என்கிறார் அவர். சிலரை அன்போடு நினைக்கிறோம், சிலரைத் துயரத்தோடு, சிலரை வெறுப்போடும் நினைக்கிறோம் என்கிறார். ஆக, யோய்க் முகஸ்துதி இல்லை. அதில் கேலியும் உண்டு, கசப்பும் உண்டு. பாடப்பட்டவரின் அனுமதியையும் அது எதிர்பார்ப்பதில்லை. சொந்தம் என்றால் தடை போடும் அதிகாரம் என்று நாம் பொருள் கொள்கிறோம்; அவர்களுடைய சொந்தம் வேறு வகை. உன்னை நான் பாடினேன், அது உன்னிடம் வந்து சேரவேண்டும், அவ்வளவுதான். ஊராருக்கெல்லாம் பாடிக் காட்டிவிட்டு உனக்கு மட்டும் மறைக்க முடியாது. உன் முகத்துக்கு நேரே பாட முடியாததை நான் பாடக்கூடாது.

ஆரிராங்குக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை. அங்கே பாடுகிறவள் தன் துயரத்தைத்தான் பாடுகிறாள். பாடியவளும் பாடப்பட்டவளும் ஒருத்தியே. காதில் ஒன்றுபோல ஒலித்த இரண்டும் நியாயத்தில் வேறுபட்டு நின்றாலும், அடியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. ஒருவருடைய துக்கம் அவர் கையை விட்டுப் போய் வெறும் ரசனைப் பொருளாகிவிட இரண்டும் இடம் கொடுப்பதில்லை. நான் தேடிய எதிரொலி இதுதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது ஒரு பாட்டியின் நினைவு என்னை விட்டு அகலவில்லை.

நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. தினமும் கடைசி ஈட்டில் நாலு இட்லியை எடுத்துத் தனியே மூடி வைப்பாள். ராத்திரி அதைப் பேரனுக்குக் கொடுப்பாள். இதை நான் கதையாக எழுதினேன். பத்திரிகையில் வந்தது. பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. நான் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்று சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

யாரோ அவளுக்கு அதைப் படித்துக் காட்டிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் சண்டை போடவில்லை.

"தம்பி, அந்தப் புஸ்தகம் எனக்கு ஒண்ணு குடுக்கறியா? எனக்குப் படிக்கத் தெரியாதுதான். இருந்தாலும் என்னுது என் பெட்டியிலே இருக்கட்டுமே" என்றாள்.

கையில் பிரதி இல்லை, கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். பிரதி இல்லாமல் இல்லை; இரண்டு இருந்தன. பைண்டு செய்வதற்காக வைத்திருந்தேன். அப்புறம் வீடு மாற்றினோம். வேலை, எழுத்து என்று நாட்கள் ஓடின. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது, அந்த இடத்தில் ஒரு செருப்புக் கடை இருந்தது. பாட்டி போய் ஆறு மாதம் ஆயிற்று என்றார்கள்.

அவள் கேட்ட நேரத்தில் அது எனக்கு ஒரு கிழவியின் வெகுளித்தனமாகத்தான் பட்டது. படிக்கத் தெரியாதவளுக்குப் புத்தகம் எதற்கு என்றும் நினைத்திருப்பேன். 'என்னுது' என்று அவள் சொன்ன சொல், ஆறு ஆண்டு பனியில் இருந்துவிட்டு வந்த ஓர் இளைஞர் ஒரு கிழவரின் பாட்டைப் போட்டுக் காட்டும் வரையில் எனக்குக் கேட்கவே இல்லை.

அந்த இரண்டு பிரதிகளும் அலமாரியில் இருக்கின்றன. காகிதம் பழுப்பேறிவிட்டது. பாட்டியின் பேரன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலையாக இருப்பதாகப் பழைய தெருக்காரர் ஒருவர் சொன்னார்; விலாசமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலையில் தபாலாபீஸ் திறந்ததும் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும்.